வெறும் புல் என்று சொல்லாதீர்கள்: நம் ஊர் மேய்ச்சல் நிலமும் அதன் மண்ணும்

(கடலூர், சிதம்பரம் வட்டாரப் பொதுமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே, கல்லூரி மாணவ மாணவிகளே! எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. அதைக் கொஞ்ச நேரம் சைலன்டில் போட்டுவிடுங்கள். ஆனால் பையில் வைத்துவிடாதீர்கள். இந்தப் பேச்சு முடிவதற்குள் அந்த போனுக்கு நான்கு வேலை சொல்லப் போகிறேன்.

இன்றைக்கு நான் பேச வந்தது புல்லைப் பற்றி. காடு என்றால் எல்லாருக்கும் மரியாதை வருகிறது. ஏரி என்றால் அக்கறை வருகிறது. புல் தரை என்றால் மட்டும், "அது சும்மா கிடக்கிற இடம்தானே" என்கிறோம். "புறம்போக்கு" என்ற சொல்லையே வசைச்சொல்லாக்கிவிட்டோம். உண்மையில் அது வருவாய்த்துறையின் சொல். பொதுத் தேவைக்காகத் தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக ஒதுக்கி வைத்த நிலம் என்று பொருள். அதில் மாடு, ஆடு மேய்வதற்கு ஒதுக்கியது மேய்ச்சல் புறம்போக்கு. சில ஊர்க் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று இருக்கும். மந்தைவெளி என்றும் சொல்வாங்க.

இந்த நிலம் சும்மா கிடக்கவில்லை. அங்கே மண்ணும் செடியும் ஒன்றையொன்று உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. இந்த உறவு புரிந்தால்தான் எதைக் காப்பாற்ற வேண்டும், கெட்டதை எப்படி மீட்க வேண்டும் என்பதும் புரியும்.

மூன்று மண், மூன்று விதமான புல்

பண்ருட்டியில் பஸ் ஏறி வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் வந்து, அங்கிருந்து கடற்கரைக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாகவே மூன்று மண்ணைப் பார்த்துவிடலாம்.

முதலில் பண்ருட்டி, வடலூர் பக்கத்துச் செம்மண் மேடு. முந்திரியும் பலாவும் விளைகிற பூமி. மழை பெய்தால் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், சத்து அதிகம் தங்காது. இப்படிப்பட்ட தரிசில் குத்துக் குத்தாக வளரும் கொழுக்கட்டைப்புல், இடையிடையே கொழிஞ்சி, ஆவாரை என்று வறட்சி தாங்குகிறவைதான் நிற்கும்.

அடுத்தது சேத்தியாத்தோப்பு தாண்டி வருகிற களிமண். மழைக்காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இங்கே வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் அருகம்புல், கோரை, பொடுதலை.

மூன்றாவது கடற்கரை மணல். அலைக்கு அருகே இராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும் படர்ந்திருக்கும். உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் தாழ்வான இடத்தில் உமரி. தியாகவல்லி, நொச்சிக்காடு பக்கம் விவசாயிகள் பயிரிடும் வெட்டிவேரும் ஒரு புல்தான். மணலில் வேர் நேராக ஆழமாக இறங்கும், தோண்டி எடுக்கும்போது அறுந்து போகாது. மண்ணுக்கேற்ற புல் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

இதுவரை சொன்னது மண் செடியைத் தேர்ந்தெடுக்கிற கதை. இது உங்களுக்கே தெரியும். இதன் மறுபாதியைத்தான் நாம் கவனிப்பதில்லை. செடியும் மண்ணை மாற்றுகிறது. கடற்கரை மணல் மேட்டையே பாருங்களேன். காற்றில் பறக்கும் மணலை இராவணன் மீசை தடுத்து நிறுத்துகிறது. மணல் சேரச் சேரப் புல் அதற்கு மேலே ஏறி வளர்கிறது. அப்படித்தான் மேடு உயர்கிறது, அதன் பின்னால் மற்ற செடிகள் குடியேற இடம் கிடைக்கிறது. முதலில் வந்த புல் அடுத்து வருகிறவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறது.

வேருக்குக் கீழே நடக்கும் கொடுக்கல் வாங்கல்

மரத்துக்கும் புல்லுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மரம் தன் சொத்தில் பெரும்பங்கைத் தரைக்கு மேலே வைத்திருக்கிறது. பல ஆண்டு வாழும் புல்லோ பெரும்பங்கைத் தரைக்குக் கீழே வைத்திருக்கிறது. நூல் நூலான சல்லி வேர்கள். அவற்றில் ஒரு பகுதி ஒவ்வொரு ஆண்டும் மடிந்து மண்ணோடு கலக்கும், புது வேர் வரும். மடிந்த வேர் மக்கி மண்ணில் கரிமமாகச் சேர்கிறது. உயிருள்ள வேர் சர்க்கரை போன்ற பொருட்களைக் கசியவிடுகிறது. அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் ஒருவிதப் பசையை உண்டாக்குகின்றன. அந்தப் பசைதான் மண் துகள்களை ஒட்டி மணி மணியாக ஆக்குகிறது. அந்த மணிகளுக்கு நடுவே உள்ள துளை வழியாகத்தான் மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை ஒன்று உண்டு. வேளாண்மைத்துறை நண்பர்கள் வேர் உட்பூசணம் என்பார்கள். வேர் எட்டாத தூரத்திலிருந்து மணிச்சத்தை எடுத்துவந்து செடிக்குக் கொடுக்கும். கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும்.

கொழிஞ்சி, அவுரி போன்ற பயறு வகைக் குடும்பத்துச் செடிகள் இன்னொரு கூட்டாளியை வைத்திருக்கின்றன. அது ரைசோபியம் என்ற பாக்டீரியா. ஒரு கொழிஞ்சிச் செடியை மழைக்காலத்தில் மெதுவாகத் தோண்டி எடுத்து வேரைப் பாருங்க. சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிற தொழிற்சாலை அது. அந்தச் சத்து பிறகு பக்கத்துப் புல்லுக்கும் போய்ச் சேர்கிறது.

இதற்கு மேலே மாடு, ஆடு. புல்லின் வளரும் முனை தரையை ஒட்டி இருப்பதால் மேலே கடித்தாலும் மறுபடி துளிர்க்கும். சாணம் விழுகிறது. சாண வண்டும் கரையானும் மண்புழுவும் அதை மண்ணுக்குள் இழுத்துப் போகின்றன. அந்தப் பூச்சிகளைத் தேடி உண்ணிக்கொக்கு வருகிறது. தரையிலேயே முட்டையிடுகிற ஆள்காட்டிக் குருவிக்கும் வானம்பாடிக்கும் இந்தத் திறந்த வெளிதான் வீடு. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறோமே, அதுவும் இந்தக் கணக்குதான். வெளியில் மேய்ந்த புல்லின் சத்தை நம் வயல் மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை.

அளவுக்கு மிஞ்சி மேய்த்தால் என்ன ஆகும்? குளம்பு மிதித்து மண் இறுகும், தண்ணீர் இறங்காது, நல்ல புல் போய் முள்ளும் நெருஞ்சியும் மிஞ்சும். அளவோடு மேய்வதும், மழைக்குப் பிறகு கொஞ்ச நாள் மேய்க்காமல் விடுவதும்தான் புல்வெளியை வைத்திருக்கும்.

ஒரே செடி ஏன் எல்லா இடத்தையும் பிடிப்பதில்லை?

நல்ல மேய்ச்சல் தரையில் ஒரு மீட்டர் சதுரத்தில் பல வகைச் செடிகள் இருக்கும். வலுவான ஒரு புல் ஏன் மற்றதையெல்லாம் துரத்திவிடவில்லை?

பதில் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு செடி ஒரே இடத்தில் அடர்ந்து வளரும்போது, அதன் வேரைத் தாக்கும் பூஞ்சையும் நூற்புழுவும் அங்கே பெருகிவிடும். அதனால் அதே செடியின் அடுத்த தலைமுறை அங்கே கொஞ்சம் தளரும். அந்த இடைவெளியில் வேறொரு செடி நுழையும். இப்படி மண்ணே ஒரு நடுவர் மாதிரி இருந்து, யாரையும் ஒரே இடத்தில் ரொம்ப நாள் கோலோச்ச விடாமல் பார்த்துக்கொள்கிறது. பல வகை சேர்ந்து வாழ இது ஒரு முக்கியமான காரணம்.

இது விஞ்ஞானிகளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லீங்க. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே ஈரம் இருக்கும்போது உளுந்தைத் தெளித்துவிடுவார். நெல்லுக்குப் பிறகு உளுந்து. ஒன்றையே போட்டுக்கொண்டிருந்தால் மண் சலித்துப்போகும் என்பார். புல்வெளி இதைத் தானாகவே செய்துகொள்கிறது.

இன்னொரு சங்கதி. "மேய்ச்சல் நிலத்துக்கு யூரியா போட்டால் புல் நிறைய வருமே" என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புல்வெளிச் சோதனை 1856-இல் தொடங்கி இன்றும் நடந்து வருகிறது. வைக்கோல் புல் விளைச்சலைப் பெருக்க எந்த உரம் நல்லது என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளிலேயே துண்டுக்குத் துண்டு செடிகள் மாறிவிட்டன. உரமே போடாத பகுதியில் இன்றைக்கும் முப்பதுக்கு மேற்பட்ட வகைச் செடிகள் இருக்கின்றன. அம்மோனியம் சல்பேட்டை ஆண்டாண்டாகப் போட்டு மண் புளித்துப்போன பகுதியில் விரல் விட்டு எண்ணும்படி இரண்டு மூன்று வகைதான். புல்லின் அளவு கூடியது, வகை குறைந்தது. வயலுக்கு நல்லது எல்லாம் மேய்ச்சல் வெளிக்கு நல்லது ஆகிவிடாது.

வேலிக்காத்தான் வந்த பிறகு

இப்போது நம் மாவட்டத்துப் பிரச்சினைக்கு வருவோம். சீமைக்கருவேலம், நம் பக்கத்து வழக்கில் வேலிக்காத்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்கும் கரிக்கும் செங்கல் சூளைக்கும் பல குடும்பங்களுக்கு அது உதவியிருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் மேய்ச்சல் தரையில் அது புகுந்தால் மண்ணுக்கும் செடிக்கும் இருந்த பழைய ஏற்பாடு கலைந்துவிடுகிறது.

எப்படி? வெளியூரிலிருந்து வருகிற செடிகள் பலவற்றுக்கு, சொந்த ஊர் மண்ணில் இருந்த எதிரிகள் புது மண்ணில் இருப்பதில்லை. நடுவர் இல்லாத ஆட்டம் மாதிரி. இதற்கு உப்பும் தாங்கும், வறட்சியும் தாங்கும். வேர் ஆழமாகப் போகும். தழைச்சத்தையும் தானே பிடித்துக்கொள்ளும். உதிர்ந்த இலைச் சருகிலிருந்து கசியும் பொருட்கள் மற்ற விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. அடர்ந்த நிழலில் வெயில் விரும்பும் புல் நிற்காது. நெற்றை ஆடு மாடு தின்று, விதையைச் சாணத்தோடு புது இடத்தில் போட்டுவிடும். ஆக, தனக்கு வசதியாக மண்ணை மாற்றிக்கொண்டே பரவுகிறது.

குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தில் பன்னி என்று பெரிய புல்வெளி இருக்கிறது. எருமை வளர்க்கும் மால்தாரி மக்களின் பூமி. அங்கே உப்பு நிலம் பரவாமல் தடுக்கலாம் என்று 1960களில் இதே மரத்தை நட்டார்கள். இன்றைக்கு அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொண்டது. மரம் நட்டால் நல்லதுதானே என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். எந்த மண்ணில், எதற்குப் பதிலாக, என்ற கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டார்கள்.

தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்குத் தனிக் கொள்கை வெளியிட்டது. அதில் அகற்றுவதோடு நிற்காமல் சூழலை மீட்பதும் சேர்ந்தே இருக்கிறது. அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். தரைக்கு மேலே வெட்டினால் வேலிக்காத்தான் மறுபடி தழையும். பொக்லைன் வைத்துத் தூரோடு எடுத்தாலும், மண்ணில் விதை காத்திருக்கும். வெறுமையாக விட்ட இடத்தில் அடுத்த மழைக்கு மறுபடியும் அதுவே முளைக்கும். குழியை மூடி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அந்த மண்ணுக்குரிய புல் விதையும் கொழிஞ்சி விதையும் தூவி, அடுத்த இரண்டு மூன்று ஆண்டு முளைக்கிற கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே வந்தால்தான் புல் கை ஓங்கும்.

பிச்சாவரம் சொல்லும் பாடம்

மண்ணை விட்டுவிட்டுச் செடியை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே பிச்சாவரம் இருக்கிறது. அது புல்வெளி இல்லை, அலையாத்திக் காடு. ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

முன்காலத்தில் அந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொத்தமாக வெட்டுகிற வழக்கம் இருந்தது. 1970கள் வாக்கில்தான் அது நின்றது. வெட்டிய பிறகு காடு தானாக வளரவில்லை. ஆடு மாடு மேய்வதும் மக்கள் விறகு எடுப்பதும்தான் காரணம் என்று நினைத்தார்கள். பிறகு ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. மரம் போனதும் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. ஈரம் காய்ந்து மண் சுருங்கி, நடுவில் தட்டு மாதிரிப் பள்ளமானது. ஓதத்தில் உள்ளே வந்த கடல் தண்ணீர் வெளியே போகவில்லை. தேங்கி ஆவியாகி, உப்பு கூடிக்கொண்டே போனது. அந்த உப்பில் கண்டல் கன்றுகள் நிற்க முடியவில்லை. உமரி மட்டும் தாங்கியது.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டின. ஓதத் தண்ணீர் வந்து போக வழி கிடைத்தது. உப்பு குறைந்தது. அதற்குப் பிறகு நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. முதலில் தண்ணீரையும் மண்ணையும் சரிசெய்தார்கள், பிறகு செடி நட்டார்கள். நம் ஊர் மந்தைவெளிக்கும் இந்த வரிசையே பொருந்தும்.

இப்போது போனை எடுங்கள்: நான்கு வேலை

முதல் வேலை, உங்கள் ஊர் மேய்ச்சல் நிலம் எது என்று தெரிந்துகொள்வது. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளமான 'எனி டைம் எனி வேர்' இ-சேவைப் பக்கத்துக்குப் போங்கள். பட்டா, சிட்டா பார்க்கிற அதே இடம்தான். அங்கே அ-பதிவேட்டைப் பார்க்கவும், ஒரு நிலம் அரசுப் புறம்போக்கா என்று சரிபார்க்கவும் தனித்தனி வசதி இருக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் போதும். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். வகைப்பாட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை, கணக்கெடுப்பு. நான்கு குச்சியும் கயிறும் வைத்து ஒரு மீட்டர் சதுரம் கட்டுங்கள். அதற்குள் எத்தனை வகைச் செடி என்று எண்ணி, மேலிருந்து ஒரு படம் எடுங்கள். மாதம் ஒரு முறை அதே இடத்தில், அதே கோணத்தில். கூடவே ஒரு சின்னச் சோதனை. இரண்டு பக்கமும் திறந்த தகர டப்பாவைப் புல் தரையில் கொஞ்சம் அழுத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். பக்கத்தில் வெறும் தரையிலும் அதேபோல் செய்யுங்கள். எங்கே தண்ணீர் சீக்கிரம் இறங்குகிறது என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். ஓர் ஆண்டு சேர்த்துவிட்டால் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

மூன்றாவது வேலை, மண் பரிசோதனை. நிலத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் வளைந்து வளைந்து நடந்து மண் எடுக்க வேண்டும். நெல் வயலென்றால் 15 சென்டிமீட்டர் ஆழம். புல்வெளிக்கு 5 சென்டிமீட்டர் போதும். வரப்பு ஓரம், எருக்குழி, மர நிழல் வேண்டாம். நிழலில் உலர்த்திக் கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்து, அரைக் கிலோ எடுத்துத் துணிப்பையில் போடுங்கள். எங்கே கொடுப்பது என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். மண்வள அட்டை வந்ததும் மூன்று வரியை முதலில் பாருங்க: கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன், அங்ககக் கரிமம். கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் மண் பசியோடு இருக்கிறது. வேளாண்மைத்துறையின் 'தமிழ் மண்வளம்' இணையதளத்திலும் புல எண் வைத்துத் தேடிப் பார்க்கலாம்.

நான்காவது வேலை, கேட்க வேண்டிய இடத்தில் கேட்பது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மேய்ச்சல் நிலத்தின் புல எண், நீங்கள் எடுத்த படங்கள், மண்வள அட்டை மூன்றையும் வைத்துப் பேசுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் புகார் பதிவு செய்யலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊர்ப் பொதுப் பயன்பாட்டுக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். புறம்போக்கில் நிற்கிற வேலிக்காத்தானை நாமாகப் போய் வெட்டக் கூடாது. ஊராட்சித் தீர்மானம், வருவாய்த்துறை அனுமதி என்று முறையாகத்தான் போக வேண்டும்.

மரம் நடும் இளைஞர் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிச்சயம் நடுங்கள். சாலை ஓரம், பள்ளி வளாகம், ஏரிக்கரை, வீட்டு வாசல் என்று எத்தனையோ இடம் இருக்கிறது. மந்தைவெளியில் குழி தோண்டுவதற்கு முன்னால் மட்டும் அங்கே ஆடு மாடு மேய்க்கிறவர் யாரென்று தேடிப்பிடித்து ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மாதத்தில் எந்தப் புல் வரும், எங்கே தண்ணீர் நிற்கும், எந்த இடத்தில் ஆள்காட்டி முட்டையிடும் என்று அவருக்குத் தெரியும். அவரிடம் பட்டா இருக்காது. நாலு ஆடும் அந்தப் புல்லும்தான் இருக்கும். அந்தப் புல் போனால் முதலில் பாதிக்கப்படுவதும் அவர்தான்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையை முடித்துவிடுங்கள். ஐந்து நிமிஷம்தான் ஆகும். உங்கள் கிராமத்தின் மேய்ச்சல் நிலத்துப் புல எண் உங்கள் போனில் ஏறட்டும். மற்ற மூன்றும் அதன் பின்னால் தானாக வரும்.